செல்லுக்குள்ள சிக்னல் எப்படி விழுது? மூணாவது தடவையில் மெட்ரிக் பாஸான சுப்பாராவின் கதை

கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் மீஞ்சூரில் ஏறுறீங்க, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்குறீங்கன்னு வைங்க. ரோட்டைக் கடந்தா எதிரே ஜி.ஹெச்., அதை ஒட்டியே சென்னை மருத்துவக் கல்லூரி. 1915-ல் அந்தக் கல்லூரிக்குள் 20 வயது தெலுங்கு இளைஞர் ஒருவர் சேர்ந்தார். பெயர் எல்லப்பிரகடா சுப்பாராவ்.

யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராகக் கொடுக்கும் மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஃபோலிக் ஆசிட், ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் எழுதித் தரும் மெத்தோட்ரெக்ஸேட். இந்த மூணுக்கும் பின்னால் இந்த ஒரே மனிதர் நடத்திய ஆய்வுக்கூடம் இருக்கு. அதுக்கும் முன்னால், நம்ம உடம்பின் ஒவ்வொரு செல்லும் செலவழிக்கும் 'காசு' எதுன்னு கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காசுதான் செல்லுக்குள் நடக்கும் சிக்னல் வேலைக்கும் அடிப்படை.

வாட்ஸ்அப்பில் இவரைப் பற்றி ஒரு ஃபார்வர்டு அடிக்கடி வரும். பாதி உண்மை, பாதி மிகை. உண்மைக் கதையே போதுமான அளவு பெரிசு என்பதால் மிகையை ஓரம் வைத்துவிடலாம்.

வீட்டை விட்டு ஓடிய பையன்

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இன்றைக்கு ஆந்திரா, அன்றைக்கு மெட்ராஸ் மாகாணம். அப்பா வருவாய்த் துறையில் சின்ன உத்தியோகம் பார்த்தவர். உடல்நிலை சரியில்லாமல் சீக்கிரமே ஓய்வு பெற்றுவிட்டார். ஏழு பிள்ளைகளில் சுப்பாராவ் நாலாவது. வீட்டில் காசு தட்டுப்பாடு.

13 வயசு வாக்கில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார் என்பது அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்லும் சம்பவம். அம்மா வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். படிப்பு சுலபமாக ஏறவில்லை. மெட்ரிக் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. கடைசியில் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூணாவது முறை தேறினார். அப்பா அதற்குள் காலமாகிவிட்டார்.

கோதாவரிப் பக்கத்தில் இருந்து சென்னைக்கு ரயிலில் வர்றவங்களுக்கு இன்றைக்கும் பாதை இதுதான். கூடூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், அப்புறம் சென்னை.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். அந்த வயசில் அவருக்கு டாக்டர் ஆகும் ஆசையே இல்லை. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகப் போகணும் என்பதுதான் ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் அதிலும் சேவை செய்யலாம் என்று மடத்திலேயே யோசனை சொன்னார்கள். இப்படித்தான் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். படிக்கிறபோதே 1919-ல் சேஷகிரியுடன் திருமணம். படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தவர் மாமனார்.

கதர் கவுனும் குறைந்த பட்டமும்

காந்தியின் அழைப்பைக் கேட்டு வெளிநாட்டுத் துணியைத் தவிர்த்த தலைமுறை அது. சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் கவுன் போட்டுக்கொண்டு போனார். சர்ஜரி பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்தும் சுப்பாராவுக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ்.

ஒரு படிதானேன்னு தோணலாம். அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலைதான் கிடைத்தது.

இதே காலத்தை ஒட்டித்தான் வீட்டில் பெரிய இடி. அண்ணன் தம்பிகளில் இரண்டு பேர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம் ஸ்ப்ரூ என்கிற வயிற்று நோய். பேதி நிற்காது, சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது, ரத்தம் சுண்டிப் போகும். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். இந்த ஸ்ப்ரூவை ஞாபகத்தில் வைச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பெட்பேன் கழுவிய ஆராய்ச்சியாளர்

காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவுவதாகச் சொன்னது. மாமனாரும் பணம் திரட்டித் தந்தார். 1922 அக்டோபரில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டனில் இறங்கினார். அப்போது மனைவி கர்ப்பிணி.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க வந்தவருக்கு அங்கே மருத்துவம் பார்க்க உரிமை கிடையாது. வயிற்றுப்பாட்டுக்காக பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் பெட்பேன், சிறுநீர்க் குடுவை கழுவுவதுதான் அந்த வேலை. பகலில் படிப்பு.

ஊரில் மகன் பிறந்தான். அப்பா முகத்தைப் பார்க்காமலே கைக்குழந்தையாக இறந்துபோனான். சுப்பாராவ் அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. சேஷகிரியும் அவரும் மறுபடி சந்திக்கவும் இல்லை. ஃபார்வர்டுகளில் இந்த வரி இருக்காது. அவரது சாதனைப் பட்டியலைப் படிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்கணும் என்பது என் கருத்து.

ஒரு நீல நிறம் சொன்ன ரகசியம்

டிப்ளமோ முடிந்ததும் ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கு என்று அளக்க எளிய வழி வேணும். 1925-ல் இருவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாதிரியில் மாலிப்டேட் சேர்த்து, இன்னொரு வேதிப்பொருளையும் விட்டால் கரைசல் நீலமாக மாறும். நீலம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பேட் அதிகம், வெளிறி இருந்தால் குறைவு. அவ்வளவுதான். 'ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை' என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றைக்கும் படிப்பது இதைத்தான்.

சுவாரஸ்யம் இதுக்கு அப்புறம். தசையில் இருந்து எடுத்த சாற்றைச் சோதித்தபோது நீலம் உடனே வரவில்லை. மெல்ல மெல்ல ஏறியது. வேற ஆளா இருந்தா கெமிக்கல் சரியில்லைன்னு கீழே கொட்டியிருப்பாங்க. இவர்கள் கொட்டவில்லை. பாஸ்பேட் எதனுடனோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது, அதனால்தான் தாமதம் என்று யோசித்தார்கள். அப்படிப் பிடிபட்டதுதான் பாஸ்போகிரியேட்டின். வருஷம் 1927. ஏறக்குறைய அதே நேரம் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் இதே பொருளை நெருங்கியிருந்தார்கள்.

கிளம்புற ரயிலைப் பிடிக்க பிளாட்பாரத்தில் ஓடுறீங்கல்ல, அந்த முதல் சில விநாடி ஓட்டத்துக்குச் சக்தி கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பாஸ்போகிரியேட்டின்தான்.

அதுவரைக்கும் தசை எப்படி இயங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் இருந்தது. சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதே நேரடிக் காரணம் என்று நம்பினார்கள். தசை ஆய்வுக்காக ஹில், மேயர்ஹோஃப் என்ற இரண்டு பேருக்கு 1922-ம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. பாஸ்போகிரியேட்டின் வந்ததும் அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாமல் தடுத்தாலும் தசை சுருங்குகிறது என்று காட்டினார். பழைய விளக்கம் அதோடு விழுந்தது.

1929-ல் இன்னும் பெரிய விஷயம். தசையில் இருந்து ஏ.டி.பி. என்கிற அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்ததாக ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதையே கண்டுபிடித்திருந்தார். எனவே 'ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞானி' என்ற ஃபார்வர்டு தப்பு. கண்டுபிடித்தவர்களில் ஒருவர் என்பது சரி.

சரி, சிக்னல் எங்கே வருது?

ஏ.டி.பி.யில் மூணு பாஸ்பேட் ஒரு வால் மாதிரி வரிசையாக இருக்கும். கடைசி பாஸ்பேட் கழன்றால் சக்தி கிடைக்கும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் இருந்து வரும் கரன்ட் ஃபேக்டரி மோட்டாரையும் ஓட்டும், ரயில்வே சிக்னல் விளக்கையும் எரிக்கும் இல்லையா? ஏ.டி.பி.யும் அப்படித்தான். தசையை இழுக்கும் வேலைக்கும் அதுதான், செல்லுக்குள் தகவல் சொல்லும் வேலைக்கும் அதுதான்.

தகவல் சொல்வது எப்படி? இங்கேதான் நொதிகள் வருகின்றன. என்சைம் என்பதற்குப் பாடப்புத்தகத் தமிழ் 'நொதி'. இட்லி மாவு நொதிக்கிறது என்கிறோமே, அதே சொல். கிரேக்கத்தில் என்சைம் என்ற சொல்லுக்கும் ஈஸ்டுக்குள் இருப்பது என்றுதான் அர்த்தமாம். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு சயின்ஸ் எழுத உட்கார்ந்தவனுக்கு இந்த மாதிரி இடங்கள்தான் ஆறுதல்.

கைனேஸ் என்ற நொதிக் குடும்பம் ஏ.டி.பி.யின் கடைசி பாஸ்பேட்டைப் பிடுங்கி ஒரு புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறும். தூங்கிக்கொண்டிருந்தது வேலையைத் தொடங்கும், அல்லது வேலை பார்த்துக்கொண்டிருந்தது நிற்கும். பாஸ்படேஸ் என்ற இன்னொரு குடும்பம் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஒருத்தர் சிக்னலை மாத்துறார், இன்னொருத்தர் பழைய நிலைக்குக் கொண்டுவர்றார். இரண்டு பேரும் வேலை செய்தால்தான் ரயில் ஒழுங்காக ஓடும்.

ராத்திரி ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு நடக்கிறபோது நாய் துரத்துதுன்னு வைங்க. அட்ரினலின் சுரக்கும். ஆனால் அது கல்லீரல் செல்லுக்குள்ளே போகாது, வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியைத் தட்டுவதோடு சரி. உள்ளே அடினைலில் சைக்லேஸ் என்ற நொதி ஏ.டி.பி.யை சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறாக மாற்றும். அது ஒரு கைனேஸை எழுப்பும். அந்தக் கைனேஸ் இன்னொரு கைனேஸை, அது இன்னொரு நொதியை. கடைசியில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் உடைந்து சர்க்கரை ரத்தத்துக்கு வரும், நீங்க ஓடுவீங்க. நாய் போனதும் பாஸ்போடையெஸ்டெரேஸ் என்ற நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.யை அழித்துவிடும், பாஸ்படேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். கதவு சாத்தியாச்சு.

இந்த அணைக்கும் வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காலரா உதாரணம். காலரா கிருமியின் நஞ்சு, குடல் செல்லில் அடினைலில் சைக்லேஸை அணையாமல் ஓடவைத்துவிடும். உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து வரும் அளவு நீர் இழப்பு அதனால்தான்.

இந்தச் சிக்னல் நொதிகளை சுப்பாராவ் கண்டுபிடிக்கவில்லை. பாஸ்பேட் ஒட்டிக் கழற்றும் சுவிட்சை 1950-களின் நடுவில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் கண்டுபிடித்தார்கள், 1992-ல் நோபல். சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971-ல் நோபல். ஆனால் இவர்கள் எல்லோரும் தொட்ட மூலப்பொருள் ஏ.டி.பி. ஒரு பாஸ்படேஸ் எவ்வளவு பாஸ்பேட்டைக் கழற்றியது என்று அளக்க ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகள் நம்பிய வழிகளில் ஒன்று அந்த நீல நிறம்.

ஹார்வர்டு கொடுக்காததும் லெடர்லே கொடுத்ததும்

1930-ல் ஹார்வர்டில் பி.எச்டி. முடித்தார். பத்து வருஷம் கழித்தும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் வெளியுலகுக்கே வரவில்லை, பல வருஷம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று, அதற்கு ஃபிஸ்கேயின் பொறாமை காரணமாக இருக்கலாம் என்ற கருத்தைப் பின்னாளில் சொன்னவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். ஹார்வர்டில் கூட இருந்தவர், 1988-ல் நோபல் வாங்கியவர்.

1940-ல் சுப்பாராவ் நியூயார்க் மாகாணத்தின் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு முழுநேரமாகப் போனார். ஆராய்ச்சிப் பிரிவின் தலைமைக்கு வந்தார். அடுத்த எட்டு வருஷம்தான் அவர் வாழ்க்கையின் அறுவடைக் காலம்.

முதலில் ஃபோலிக் ஆசிட். 1930 வாக்கில் பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்டில் இருந்து செய்த மார்மைட் கொடுத்தால் அது சரியாகிறது என்று கண்டிருந்தார். உள்ளே இருந்த சத்து எது என்று அப்போது தெரியவில்லை. அதைச் சுத்தமாகப் பிரித்து, செயற்கையாகவே தயாரித்துக் காட்டியது 1940-களின் நடுவில் சுப்பாராவின் லெடர்லே குழு. அந்த மருந்து ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகையையும் தேற்றியது. அவரது சகோதரர்கள் இறந்து இருபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அப்புறம் அதன் தலைகீழ். ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ரத்தப் புற்று செல்கள் இன்னும் வேகமாகப் பெருகுவது போல பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பருக்குப் பட்டது. அப்போ ஃபோலிக் ஆசிட் மாதிரியே தோற்றம் கொண்ட, ஆனா வேலை செய்யாத ஒன்றைக் கொடுத்தால்? பூட்டில் தப்புச் சாவியைச் செருகி உடைத்துவிடுவது போல. லெடர்லே வேதியியலாளர்கள் அமினோப்டெரின் என்ற பொருளைச் செய்து தந்தார்கள். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். கடும் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. நிரந்தர குணம் இல்லை. ஆனால் சில வாரங்களில் மரணம் என்றிருந்த நோயை ஒரு மருந்து தள்ளிப்போட்டது அதுவே முதல் முறை.

அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியை அடைத்து, டி.என்.ஏ. கட்டும் வேலையை நிறுத்துகிறது. இது சிக்னல் நொதி இல்லை. ஆனால் ஒரு நொதியைக் குறிவைத்து அடைத்துப் புற்றுநோயைப் பிடிக்கலாம் என்ற வழியைத் திறந்துவிட்டது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் அதே வழியில் ஒரு கைனேஸை அடைக்கிறது. கிளீவெக் என்றால் ஞாபகம் வரலாம். சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்து, மெட்ராஸ் ஐகோர்ட் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட் முடித்துவைத்த அந்த வழக்கு இந்த மாத்திரைக்காகத்தான்.

மூட்டுவாதம், சொரியாசிஸ் உள்ளவங்க வீட்டில் இருந்தா இந்தப் பத்தியை மட்டும் கவனமாப் படிங்க. இந்த நோய்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எழுதித் தருவாங்க. தினமும் போடுற மாத்திரைன்னு நினைச்சு எடுத்துக்கிட்டு உயிரே போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கு. எந்தக் கிழமைன்னு சீட்டில் எழுதி வாங்கிக்கோங்க. கூடவே ஃபோலிக் ஆசிட்டும் எழுதியிருப்பாங்க, பக்கவிளைவைக் குறைக்க. ஒரே சீட்டில் சுப்பாராவ் ஆய்வுக்கூடத்தின் இரண்டு மருந்து, ஒன்றுக்கு ஒன்று எதிரி.

1947-ல் டை எத்தில் கார்பமசின் வந்தது. ஹெட்ராசான் என்று லெடர்லே பெயர் வைத்தது, இங்கே டி.இ.சி. மாத்திரை. யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்களை ரத்தத்தில் இருந்து ஒழிக்கும். அந்தப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும், சுகாதாரத் துறையினர் இரவில் வந்து ரத்தம் எடுத்தது அதனால்தான். இந்தியா 1955-ல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது, 2004-ல் இருந்து பாதித்த மாவட்டங்களில் ஆண்டுதோறும் எல்லோருக்கும் மாத்திரை. ஏற்கெனவே வீங்கிய காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும். அதனால்தான் நோய் இல்லாதவங்களுக்கும் கொடுக்குறாங்க.

ஆரியோமைசின் என்ற முதல் டெட்ராசைக்ளின் ஆன்டிபயாட்டிக்கையும் சுப்பாராவ் கணக்கில் எழுதுவார்கள். மண் மாதிரியில் இருந்து அதைக் கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர், எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர். அந்த ஆராய்ச்சி நடந்த பிரிவின் தலைவர் சுப்பாராவ். இரண்டையும் சொன்னால்தான் நியாயம்.

ஏன் பெயர் தெரியவில்லை?

1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பு. வயசு 53. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டே மாதம். சுதந்திர இந்தியாவுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. நோபல் பரிசு இறந்தவர்களுக்குக் கிடையாது, காரணங்களில் அது ஒன்று. கண்டுபிடிப்புகளைக் குழுவின் பெயரில் வெளியிட்டு, தான் பின்னால் நின்றதும் ஒரு காரணம். கடைசி வரை அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை. அமெரிக்காவுக்கு அவர் அயல்நாட்டவர், இந்தியாவுக்கு என்றோ கப்பலேறிப் போனவர். உரிமை கொண்டாட ஆள் இல்லை.

1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1953-ல், கழிவுநீர் சுத்திகரிப்பு வடிகட்டிகளில் வளரும் ஒரு பூஞ்சை இனத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். சுப்பாரோமைசெஸ்.